அறுபத்தொன்றாவது சீட்டு

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டத்தின் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து போன டாம் சான்ஃபெங், சின்னச் சின்ன வெள்ளை நிற வீரர்கள் நிறைந்த ஒரு கட்டோடு வந்திருந்தார். போட்டி தொடங்குமுன் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தன் கட்டில் எந்தச் சீட்டு எத்தனை இருக்கிறது என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சான்ஃபெங் எழுதியபோது ‘அடார்கார் வேஸ்ட்ஸ்’ என்ற நிலச் சீட்டு நான்கையும் விட்டுவிட்டார். வெள்ளை, நீலம் இரண்டு நிற ஆற்றலையும் தரும் நிலம் அது. நடுவர்களுக்குப் பட்டியல்தான் வேதம். அந்த நான்குக்கும் பதிலாக வெள்ளை மட்டுமே தரும் சாதாரண நிலங்களை வைத்துத்தான் அவர் ஆட வேண்டியிருந்தது. அவரிடம் இருந்த ஒரே நீலச் சீட்டு ‘ஸ்லைட் ஆஃப் மைண்ட்’. நீல ஆற்றலுக்கு வழியே இல்லாததால் போட்டி முழுக்க அது கையில் வந்தாலும் பயனில்லாத செத்த சீட்டு. அப்படியும் இறுதி ஆட்டத்தில் மார்க் ஜஸ்டிஸை வென்று உலக சாம்பியன் ஆனார் சான்ஃபெங்.

ஒரு சீட்டு போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்பதற்கு இந்தக் கதையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. 60 சீட்டில் ஒற்றையாக இருக்கும் ஒரு சீட்டு, முதலில் எடுக்கும் 7 சீட்டுக்குள் வந்து சேர 11.7 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது எட்டொன்பது ஆட்டத்துக்கு ஒருமுறை சான்ஃபெங் 6 சீட்டோடுதான் தொடங்கியிருப்பார். அதையும் தாங்கும் அளவுக்கு மிச்சமிருந்த 59 சீட்டுகள் உறுதியாக இருந்தன என்பதே அந்த வெற்றியின் பொருள். போட்டி ஆட்டக்காரர்கள் ‘ட்யூனிங்’ என்று சொல்வது இந்த உறுதியைக் கட்டும் வேலையைத்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். ரம்மியில் கட்டு எல்லோருக்கும் பொது, அதிலிருந்து யாருக்கு எது விழுகிறது என்பதே ஆட்டம். இந்த வகை ஆட்டங்களில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தேர்ந்தெடுத்துக் கொண்டுவருகிறார். அந்தக் கட்டுக்கு ஊரெங்கும் ‘டெக்’ என்றுதான் பெயர். மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1993இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. நிலச் சீட்டுகளை இறக்கி ‘மானா’ என்ற ஆற்றலைப் பெற வேண்டும், அந்த மானாவைச் செலவழித்து வீரர்களையும் மந்திரங்களையும் இறக்க வேண்டும், எதிராளியின் 20 உயிர்ப் புள்ளிகளைப் பூச்சியமாக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். அடிப்படை இவ்வளவுதான்.

தொடக்கத்தில் 40 சீட்டு இருந்தால் போதும், ஒரே சீட்டு எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விதி இருந்தது. மலிவாகவும் வலுவாகவும் இருக்கும் ஒரு சீட்டை இருபது முப்பது என்று அடுக்கினால் என்ன ஆகும் என்பதை ஆட்டக்காரர்கள் சில மாதங்களிலேயே கண்டுகொண்டார்கள். 1994இல் போட்டி விதிகள் வந்தன: குறைந்தது 60 சீட்டு, அடிப்படை நிலங்கள் தவிர எதுவும் நான்குக்கு மேல் கூடாது. இன்றுள்ள டெக் கட்டும் கலை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே பிறந்தது.

குறைந்தது 60 என்றால் 61 வைக்கலாமே என்று புதியவர்கள் கேட்பார்கள். விதி தடுக்கவில்லை. நான்கு பிரதி உள்ள ஒரு சீட்டு 60 சீட்டு டெக்கில் முதல் 7 சீட்டுக்குள் வர 39.9 சதவீத வாய்ப்பு. 61 ஆனால் அது 39.4. அரை சதவீத இழப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்த அரை சதவீதம் டெக்கில் உள்ள மிகச் சிறந்த சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் கழிகிறது, கூடவே வந்து சேர்வதோ டெக்கிலேயே மிகப் பலவீனமான சீட்டு. எதை வெட்டுவது என்று முடிவெடுக்க மனம் வராதவர்தான் 61 வைப்பார். ட்யூனிங்கில் சேர்ப்பது எளிது, நீக்குவதுதான் வேலை.

இதற்கும் விதிவிலக்கு வந்தது. 2020இல் வெளியான ‘யோரியன்’ என்ற சீட்டு, டெக்கில் 80 சீட்டாவது இருந்தால் தான் கட்டுக்கு வெளியே துணையாக நிற்பேன் என்ற நிபந்தனையோடு வந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் கட்டாயமாகக் கிடைக்கும் ஒரு கூடுதல் சீட்டு! 80 சீட்டு டெக்கில் நான்கு பிரதிச் சீட்டு முதல் கையில் வரும் வாய்ப்பு 31.2 சதவீதமாகச் சரிந்துவிடும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு பலர் 80க்குப் போனார்கள், வென்றார்கள். ‘மாடர்ன்’ வகைப் போட்டிகளில் 2022 அக்டோபரில் யோரியன் தடைசெய்யப்பட்டது. 80 சீட்டை மறுபடி மறுபடி குலுக்கும் அவதியும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

தேர்ந்த ஒருவரின் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கத்தில் உள்ள எண்ணே ஒரு செய்தி சொல்லும். நான்கு என்றால், எல்லா ஆட்டத்திலும் சீக்கிரம் வேண்டும், இரண்டாவது வந்தாலும் நல்லதே. மூன்று என்றால், ஒன்று வேண்டும், இரண்டு சேர்ந்து வந்தால் சங்கடம். முதல் கையில் வரும் வாய்ப்பு 31.5 சதவீதத்துக்கு இறங்குகிறது. இரண்டு என்றால் 22.1. ஆட்டம் நீண்டபின் கிடைத்தால் போதும் என்ற சீட்டுகளின் இடம் அது. ஒற்றைப் பிரதிக்குப் பெரும்பாலும் ஒரே நியாயம்தான்: அதைத் தேடி எடுத்துத் தரும் இன்னொரு சீட்டு டெக்கில் இருக்க வேண்டும். காரணமில்லாமல் ஒற்றைகளாகச் சிதறிக்கிடக்கும் பட்டியலைக் கண்டால், கட்டியவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று கொள்ளலாம்.

சீட்டுகளைவிடக் கடினமான கேள்வி நிலம். எத்தனை?

60இல் 24 நிலம் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் எண். அப்படி வைத்தால் முதல் 7 சீட்டில் சராசரியாக 2.8 நிலம் வரும். சராசரி ஆறுதல்தான் தரும், ஆட்டத்தைத் தீர்மானிப்பது பரவல். இரண்டு முதல் நான்கு நிலம் வரை வரும் ஆடத்தக்க கை 77.5 சதவீதம். ஒரு நிலமோ அதுகூட இல்லாமலோ வருவது 14.3 சதவீதம். ஆறு ஏழு நிலமாக வந்து கை நிறைவது 1.3 சதவீதம். சிக்கனமான டெக் என்று 20 நிலத்துக்கு இறங்கினால், ஒன்றும் அதற்குக் கீழும் வரும் கை 24.7 சதவீதமாகிவிடுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு கை! அப்படியும் 20 நிலத்தோடு வென்ற டெக்குகள் ஏராளம். காரணம், அவற்றில் உள்ள சீட்டுகளுக்கு ஒன்றிரண்டு மானா போதும். அங்கே ஒற்றை நிலக் கையும் சில சமயம் ஆடத்தக்க கைதான்.

இந்தப் பாடத்தை 1996இல் முதலில் புகட்டியது ஒரு சிவப்பு டெக். அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் ஆடிய டெக் அது. வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். ஆனாலும் ‘ஸ்லை’ என்ற பெயர்தான் நிலைத்தது. அதில் ‘அயர்ன்க்ளா ஓர்க்ஸ்’ என்று ஒரு சீட்டு நான்கு பிரதி. இரண்டு மானாவுக்கு 2 வலு உள்ள வீரர்கள், ஆனால் 2 அல்லது அதற்கு மேல் வலுவுள்ள எதையும் தடுக்க மாட்டாத கோழைகள். சேகரிப்பவர்கள் ஒதுக்கித் தள்ளிய சீட்டு. ஷ்னைடர் பார்த்தது சீட்டின் பெருமையை அல்ல, இரண்டாம் சுற்றில் கையிலுள்ள இரண்டு மானாவும் வீணாகாமல் செலவாக வேண்டும் என்பதை. முதல் சுற்றில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று ஒவ்வொரு சுற்றிலும் மானா முழுதும் தீர வேண்டும் என்று விலைவாரியாகச் சீட்டுகளைப் பங்கிட்டிருந்தார். எதிராளி ஐந்து மானாவுக்குப் பேரரசன் ஒருவனை இறக்குவதற்குள் ஓர்க்குகள் அவர் உயிரில் பாதியைத் தின்றிருக்கும். மிச்சத்தை, ஒரே மானாவுக்கு 3 புள்ளி பறிக்கும் ‘லைட்னிங் போல்ட்’ பார்த்துக்கொள்ளும். ‘மானா கர்வ்’ என்று இன்று கடைக்கு வரும் சிறுவர்கள்கூடச் சொல்லும் கருத்து பரவலானது இந்த டெக்கிலிருந்துதான்.

நிலக் கணக்கை அறிவியலாக்கியவர் நெதர்லாந்தின் ஃபிராங்க் கார்ஸ்டன். 2005 உலக சாம்பியன்ஷிப்பில் இறுதி ஆட்டம்வரை சென்று கட்சுஹிரோ மோரியிடம் தோற்றவர், பிறகு ஆட்டத்தின் கணக்குகளை எழுதுவதிலேயே பேர் பெற்றவர். இரண்டு மூன்று நிறம் கலந்த டெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை நிலம் வேண்டும் என்று அவர் அட்டவணை போட்டார். முதல் சுற்றிலேயே ஒரு குறிப்பிட்ட நிறச் சீட்டை நம்பகமாக இறக்க வேண்டுமென்றால் அந்த நிறம் தரும் நிலம் 14 வேண்டும் என்றது அது. இரண்டாம் சுற்றில் ஒரே நிறத்தில் இரண்டு மானா கேட்கும் சீட்டுக்கு 20ஐ ஒட்டி வேண்டும். ‘எட்டு நிலம் இருக்கிறதே, வந்துவிடும்’ என்று நம்பி ஆடி, கையில் சீட்டும் களத்தில் தப்பான நிற நிலமுமாகத் தோற்ற ஆயிரக்கணக்கானோருக்கு அந்த அட்டவணை கசப்பு மருந்து.

இதுவரை சொன்னது தனிமையில் செய்து முடிக்கக்கூடிய கணக்கு. போட்டி தனிமையில் நடப்பதில்லை. எதிரே உட்காரப்போகிறவர் என்ன கொண்டுவருவார் என்ற கேள்விதான் ட்யூனிங்கின் பெரும்பகுதி. அரங்கில் எந்த டெக் எவ்வளவு இருக்கும் என்ற நிலவரத்தை ‘மெட்டா’ என்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அரங்கில் மூன்று வகை டெக்குகள், 40, 30, 30 சதவீதமாக இருக்கின்றன. உங்கள் டெக் முதல் வகையை 60 சதவீதமும், இரண்டாவதை 45 சதவீதமும், மூன்றாவதை 50 சதவீதமும் வெல்கிறது. மொத்தத்தில் 52.5. இரண்டு சீட்டை மாற்றுகிறீர்கள். முதல் வகைக்கு எதிரான பலம் 56 ஆகக் குறைந்து, இரண்டாவதற்கு எதிரே 53 ஆகக் கூடுகிறது. மொத்தம் 53.3. முன்னேற்றம்தான். ஆனால் போட்டி நாளன்று அரங்கில் முதல் வகை 50 சதவீதமாகவும் இரண்டாவது 20 ஆகவும் வந்து நின்றால்? பழைய டெக் 54, மாற்றிய டெக் 53.6. அதே இரண்டு சீட்டு, அதே ஆட்டக்காரர். நேற்று சரியாக இருந்த மாற்றம் இன்று தவறாகிவிட்டது. ஆகவே ‘இந்த டெக்குக்கு எது சிறந்த சீட்டு’ என்ற கேள்விக்குத் தேதியும் இடமும் இல்லாமல் விடை கிடையாது. இணையத்தில் கிடைக்கும் போன வாரச் சாம்பியன் பட்டியலை அப்படியே நகலெடுப்பவர் போன வார அரங்கத்துக்குத் தயாராகிறார்.

இதை நடைமுறையில் பார்க்க, 2011இல் பாரிஸில் நடந்த ‘புரோ டூர்’ என்ற பெரிய போட்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு. அதற்குச் சில மாதம் முன்பு, ஜப்பானின் சிபாவில் நடந்த 2010 உலக சாம்பியன்ஷிப்பில் பிரையன் கிப்ளர் ஒரு நீல-வெள்ளை டெக்கோடு வந்தார். அதில் ‘ஸ்குவாட்ரன் ஹாக்’ என்ற பருந்துச் சீட்டு நான்கு. இரண்டு மானாவுக்கு 1 வலு உள்ள பறவை, பார்த்தால் அற்பம். ஆனால் அதை இறக்கியதும் கட்டிலிருந்து மற்ற மூன்று பருந்துகளையும் தேடிக் கையில் எடுத்துக்கொள்ளலாம். ‘ஜேஸ், த மைண்ட் ஸ்கல்ப்டர்’ என்ற நான்கு மானாச் சீட்டு, மூன்று சீட்டு எடுத்துக் கையிலிருந்து இரண்டைக் கட்டின் மேலே திருப்பி வைக்க விடும். தேவையில்லாத பருந்துகளை மேலே வைத்துவிட்டு, அடுத்த தேடலில் கட்டைக் குலுக்கினால் அவை உள்ளே போய்விடும், கையில் புதுச் சீட்டு நிற்கும். இரண்டு சாதாரண விதிகள் உரசிக்கொண்டதில் வந்த லாபம் இது.

2011 பிப்ரவரி தொடக்கத்தில் புதிய சீட்டுத் தொகுப்பு வெளியாயிற்று. அதில் ‘ஸோர்ட் ஆஃப் ஃபீஸ்ட் அண்ட் ஃபாமின்’ என்ற வாள். அதை ஏந்திய வீரன் எதிராளியை அடித்தால், எதிராளி ஒரு சீட்டைத் தூக்கிப்போட வேண்டும், அடித்தவரின் நிலங்கள் எல்லாம் மறுபடி பயன்படத் தயாராகும். பாரிஸ் போட்டிக்கு இருந்தது ஏறத்தாழ ஒரு வாரம்தான். கிப்ளரும் பென் ஸ்டார்க்கும் இருந்த குழு, வாளைத் தேடி எடுக்கும் ‘ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்’ சீட்டைப் பருந்து டெக்குக்குள் கொண்டுவந்தது. தேடும் சீட்டு நான்கு இருப்பதால் வாளில் ஒன்றிரண்டு பிரதி போதும். அற்பப் பறவைகள் இப்போது வாள் ஏந்திப் பறந்தன. தரையில் எத்தனை பெரிய அரக்கன் நின்றாலும் ஆகாயத்தில் வருவதைத் தடுக்க முடியாது. தன் முறையில் எல்லா மானாவையும் செலவழித்து, அடித்து, நிலங்களை மீட்டு, எதிராளி முறையில் அவர் மந்திரத்தைத் தடுக்கவும் மானா வைத்திருக்க முடிந்தது. இறுதி ஆட்டத்தில் பால் ரீட்ஸலை வென்று ஸ்டார்க் பட்டம் பெற்றார். ‘கா-பிளேடு’ என்று பெயர் பெற்ற டெக் அது.

பாரிஸுக்குப் பின்தான் சுவையான கட்டம். எல்லோரும் கா-பிளேடு ஆடத் தொடங்கியதும், கா-பிளேடுக்கு எதிராகக் கா-பிளேடை எப்படி ட்யூன் செய்வது என்பதே வாராவாரம் கேள்வியாயிற்று. சிலர் கறுப்பு நிறம் சேர்த்து எதிராளி கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினார்கள். சிலர் நிலம் கூட்டினார்கள். வாளை உடைக்கும் சீட்டை மறுவாரமே 60 சீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் உண்டு. மே மாதத் தொகுப்பில் வந்த ‘பேட்டர்ஸ்கல்’ அந்த டெக்குக்கு இன்னும் வலுச் சேர்த்தது. கடைசியில் ஜேஸையும் ஸ்டோன்ஃபோர்ஜையும் ‘ஸ்டாண்டர்ட்’ வகைப் போட்டிகளில் தடைசெய்வதாக ஜூன் 20 அன்று அறிவிப்பு வந்தது. 2005க்குப் பிறகு அந்த வகைப் போட்டியில் அதுதான் முதல் தடை. ட்யூனிங் எல்லை மீறிப்போனால் அதைத் தீர்க்கும் பொறுப்பு ஆட்டக்காரர்களிடமிருந்து நிறுவனத்துக்குப் போய்விடுகிறது.

2016 பிப்ரவரி அட்லாண்டா புரோ டூரில் நடந்தது வேறு மாதிரி. 2010இலேயே வெளியான இரண்டு நிலங்கள், ‘ஐ ஆஃப் யூகின்’, ‘எல்ட்ராஸி டெம்பிள்’, பல ஆண்டுகளாகப் பெரிதாக யாரும் பொருட்படுத்தாமல் கிடந்தன. எல்ட்ராஸி என்ற இனத்தின் சீட்டுகளை மலிவாக்கும் நிலங்கள் அவை. அந்த இனத்தில் அதுவரை எட்டு, பத்து மானா கேட்கும் பூதங்களே பேர்பெற்றவை. 2016 ஜனவரித் தொகுப்பில் இரண்டு, நான்கு, ஐந்து மானாவுக்கு எல்ட்ராஸிகள் வந்தன. இரண்டு மானா ‘எல்ட்ராஸி மிமிக்’, ஐ ஆஃப் யூகின் களத்தில் இருந்தால் இலவசம். சில குழுக்கள் இதைக் கண்டுபிடித்து வெளியே மூச்சுவிடாமல் சோதித்தன. போட்டியின் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் எல்ட்ராஸி ஆடினார்கள். வென்றவர் ஜியாச்சென் தாவ். ஏப்ரலில் ஐ ஆஃப் யூகின் தடைசெய்யப்பட்டது. அரங்கத்தைக் கணிப்பவர்களுக்கு அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அட்டவணையில் இல்லாத டெக்குக்குச் சதவீதம் போட முடியாது.

அடுத்தது சைட்போர்ட். 60க்கு வெளியே 15 சீட்டு வரை தனியாக வைத்துக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய மோதலில், முதல் ஆட்டம் முடிந்ததும் அவற்றை உள்ளே கொண்டுவரலாம். இரண்டே ஆட்டத்தில் முடிந்தால் அதில் ஒன்று, மூன்று ஆட்டம் போனால் இரண்டு, சைட்போர்ட் புகுந்த ஆட்டங்கள். அதாவது போட்டியில் ஆடும் ஆட்டங்களில் பாதிக்குக் குறையாமல் அந்த 15இன் கையில் இருக்கிறது. அப்படியும் பலர் 60ஐ மாதக்கணக்கில் இழைத்துவிட்டு, 15ஐ விடுதி அறையில் தூக்கக் கலக்கத்தோடு எழுதுகிறார்கள்.

2019 ஜூலை பார்சிலோனா மித்திக் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்ளலாம். தூக்கியெறிந்த சீட்டுக் குவியலிலிருந்தே வேலை செய்யும் ‘ஹோகாக்’ டெக் அரங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அதற்கு மருந்து ‘லேலைன் ஆஃப் த வாய்ட்’. முதல் கையிலேயே இருந்தால் மானாச் செலவில்லாமல் களத்தில் தொடங்கும், எதிராளி தூக்கியெறியும் சீட்டுகளை ஆட்டத்துக்கு வெளியே அனுப்பிவிடும். பிந்தி வந்தால் நான்கு மானா, அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். இப்படிப்பட்ட சீட்டை இரண்டு பிரதி வைப்பதில் அர்த்தமே இல்லை. வைத்தால் நான்கு, இல்லையேல் இடத்தை அடைக்காமல் விடுவது. நான்கு வைத்தாலும் முதல் கையில் வருவது 39.9 சதவீதம்தான். ஆனால் அதே மாதம்தான் ‘லண்டன் மல்லிகன்’ விதி நடைமுறைக்கு வந்தது: பிடிக்காத கையைத் திருப்பிவிட்டு மறுபடி 7 எடுக்கலாம், ஒவ்வொரு திருப்பலுக்கும் வேண்டாத ஒரு சீட்டைக் கட்டின் அடியில் வைக்க வேண்டும். இரண்டு கைகள் வரை தேடத் துணிந்தால் லேலைன் கிடைக்கும் வாய்ப்பு 63.9 சதவீதம், மூன்று கைகள் என்றால் 78.3. பலர் காத்திருக்கவே இல்லை, லேலைனை முதன்மைக் கட்டிலேயே வைத்துவிட்டார்கள். பட்டம் வென்ற ஜெர்மனியின் தோரால்ஃப் செவரின் ஆடியதோ ‘ட்ரான்’ என்ற வேறொரு டெக். ஆகஸ்ட் 26 அன்று ஹோகாக் தடைசெய்யப்பட்டது.

சைட்போர்டில் அடிக்கடி நடக்கும் தவறு, மருந்தை அதிகம் கொடுப்பது. ஒரு சீட்டை உள்ளே கொண்டுவந்தால் ஒன்றை வெளியே எடுத்தாக வேண்டும். எதிராளியைத் தடுக்கும் சீட்டு எட்டு உள்ளே வந்து, தன் டெக் தன் வேலையைச் செய்யவிடும் எட்டு வெளியே போனால், எதிராளி தடுமாறி நிற்பார், அவரை முடித்துக்கட்ட இவரிடம் எதுவும் இருக்காது. ஆகவே அனுபவசாலிகள் 15ஐத் தனிப் பட்டியலாக எழுதுவதில்லை. எந்த டெக்குக்கு எதிரே எது வெளியே, எது உள்ளே என்று முதலில் எழுதி, இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து சீட்டை வெளியே எடுக்க ஆசை, உள்ளே கொண்டுவர மூன்றுதான் என்று வந்தால், குறை சைட்போர்டில். உள்ளே வர ஏழு இருந்து வெளியே போக மூன்றுதான் என்றால் நான்கு இடம் வீண்.

இதோடு மைக் ஃபுளோரஸ் 1999இல் எழுதிய கட்டுரையின் பார்வையும் சேர வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு டெக்குகள் மோதும்போது ஒருவர் தாக்குபவர், மற்றவர் தாங்குபவர். யார் எது என்று தப்பாக எடுத்துக்கொண்டவர் தோற்பார் என்பது அவர் வாதம். சைட்போர்ட் உள்ளே வந்ததும் இந்தப் பாத்திரம் மாறலாம். முதல் ஆட்டத்தில் தாக்கியவர் இரண்டாவதில் தாங்க வேண்டி வரலாம். எந்தச் சீட்டு போவது, எது வருவது என்பதைவிட, இந்த ஆட்டத்தில் நான் யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போவது மேல்.

எல்லாம் சரி, மாற்றம் பலிக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஆடிப் பார்த்துத்தான். இங்கேதான் பெரும்பாலானோர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். 100 ஆட்டத்தில் 55 வென்றால் டெக்கின் உண்மையான பலம் 45க்கும் 65க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். ஒரு டெக்கின் பலத்தை இரண்டு சதவீதம் முன்பின்னாக அறியவே ஏறத்தாழ 2,400 ஆட்டம் வேண்டும். எந்த மனிதனும் போட்டிக்கு முந்தின மாதத்தில் அவ்வளவு ஆட முடியாது. பத்து ஆட்டம் ஆடி, ‘புதுச் சீட்டு பிரமாதம்’ என்று முடிவு கட்டுவது வெறும் மனக்கிளர்ச்சி. தேர்ந்தவர்கள் வெற்றி தோல்வியை எண்ணுவதைவிட வேறொன்றைக் குறித்துவைப்பார்கள்: இந்தச் சீட்டு கையில் வந்தபோது, இதற்குப் பதில் நீக்கிய சீட்டு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? ஒரே ஆட்டத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு மூன்று முறை பதில் கிடைக்கும். நேரம் இல்லாதவர்களுக்குக் கார்ஸ்டன் இன்னொரு வழியும் சொன்னார். ஒரே வகை டெக்கின் பல வெற்றிப் பட்டியல்களைச் சேர்த்து, ஒவ்வொரு சீட்டும் எத்தனை பிரதி புழங்குகிறது என்று எண்ணி, அதிகம் புழங்குபவற்றிலிருந்து 60ஐ நிரப்புவது. தனி ஒருவரின் பிடிவாதங்கள் சராசரியில் கரைந்துவிடும். கரையாமல் நிற்பதில் புதுமை குறைவு, பிழையும் குறைவு.

குழுவாகச் சோதிப்பதன் பயனும் இதுதான். தான் கண்டுபிடித்த சீட்டின்மேல் கொண்ட பாசத்தை அடுத்தவர்தான் வெட்ட முடியும். 2000ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டத்தில் மோதிய ஜான் ஃபிங்கலும் பாப் மாஹரும் கிட்டத்தட்ட ஒரே டெக்கை வைத்திருந்தார்கள். வென்றவர் ஃபிங்கல். இருவரும் தனித்தனியே வீட்டில் உட்கார்ந்து யோசித்திருந்தால் அப்படி ஒன்றுபோல் வந்திருக்காது.

போக்கேமான் சீட்டாட்டத்திலும் 60 சீட்டு, நான்கு பிரதி, முதல் கையில் 7 என்ற அதே எண்கள்தான். அங்கே சைட்போர்ட் இல்லை, ஆனால் முதல் கையில் ஓர் அடிப்படை போக்கேமானாவது இல்லாவிட்டால் கையைத் திருப்பியாக வேண்டும். டெக்கில் அடிப்படை போக்கேமான் 8 இருந்தால் அப்படித் திருப்ப நேரும் வாய்ப்பு 34.6 சதவீதம், 12 இருந்தால் 19.1. வீட்டில் பிள்ளைகள் போக்கேமான் சீட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தால், இந்த இரண்டு எண்ணையும் தாங்களே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ் ஒன் கணிதப் பாடத்தில் வரும் சேர்வுகள் போதும். கணக்கு போடத் தெரியாத வயதென்றால், கட்டைக் குலுக்கி ஏழேழாக ஐம்பது முறை எடுத்துக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்.